துத்தம் கலந்த பசை

எங்கள் பைண்டிங் கடையில் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் சொல்லும் பாடம் ஒன்றுதான். எச்சில் தொட்டுத் தாள் புரட்டாதே. யாரும் கேட்க மாட்டார்கள். சாயங்காலத்துக்குள் விரல் நாக்குக்குப் போகும், முகம் அஷ்டகோணலாகும், மடிப்பு மேசையைச் சுற்றி இருக்கும் நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். மைதாப் பசையில் மயில்துத்தம் போடுவது எங்கள் வழக்கம். அந்த நீலக் கல்லைப் பொடித்து, வெந்நீரில் கரைத்து, கொதிக்கிற பசையில் ஊற்றிக் கிண்டிவிட்டால் புத்தகத்தைப் பூச்சி அரிக்காது. எலியே வாய் வைக்காத கசப்பு அது. நாங்களோ வருஷக்கணக்காக அந்தப் பசையில் கையை விட்டு, அதே கையைக் கழுவியும் கழுவாமலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஒருத்திக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால் எங்களுக்கு அதன்மேல் பயம் விட்டுப்போயிருந்தது. அந்தப் பயம் கொஞ்சம் மிச்சம் இருந்திருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது.

சிட்டு என்று நாங்கள் கூப்பிடுவது முதலாளியம்மாவின் தம்பி மனைவியை. ஃபாரம் என்று நாங்கள் சொல்லும், அச்சடித்து வரும் முழுத் தாளை மூலை பிசகாமல் மடித்து அடுக்குவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கை பறக்கும், அதனால் அந்தப் பெயர். அவள் புருஷன் கட்டிங் மெஷினில் நிற்கிறவன். ஒரு வார்த்தை பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டே இருப்பான். கடைக்கு மேலே இருக்கும் இரண்டு அறையில் அவர்கள் குடித்தனம். கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் முதலாளியம்மா. புருஷன் போன பிறகு கடையையும் தம்பியையும் ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்தியவள். நல்லவள்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நல்லவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. அடுத்தவருக்கு எது நல்லது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

நான் தைக்கிறவள். மடித்த ஃபாரங்களை ஊசி நூலால் கோத்துக் கட்டுவது என் வேலை. கை ஓடும்போது வாயும் ஓடும், கொஞ்சம் நீளமான வாய். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சிட்டுவின் மகள் பட்டாணி. மாசம் நிறையாமல் ஏழாம் மாசத்திலேயே பிறந்துவிட்டவள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது அவள் இருந்த அளவைப் பார்த்து நான்தான் அந்தப் பெயரை வைத்தேன். உறிஞ்சத் தெம்பில்லை. சிட்டு பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் கொண்டுபோவாள், நர்ஸ் மூக்கில் போட்ட குழாய் வழியாக விடுவாள். வீட்டுக்கு வந்த பிறகும் ஸ்பூன்தான். மார்பில் வைத்தால் வாயைத் திறந்தபடி தூங்கிப்போகும். டப்பாப் பாலுக்கு மாற்றிவிடு என்று சொல்லாத ஆள் இல்லை. சிட்டு கேட்கவில்லை. பீய்ச்சிப் பீய்ச்சி அவள் கை வீங்கியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒருநாள் மாடியிலிருந்து ஒரு கத்தல். என்னமோ ஏதோ என்று எல்லோரும் ஓடினோம். சிட்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். "அக்கா, புடிச்சுட்டா! புடிச்சுட்டாக்கா!" என்றாள். பட்டாணி மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தது. அன்று கடையில் வேலையே ஓடவில்லை. முதலாளியம்மாகூட ஒன்றும் சொல்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அப்படிப் பிடித்ததைப் பட்டாணி பிறகு விடவே இல்லை. இரண்டு வயசு தாண்டியும் மடிப்பு மேசைக்கு வந்து அம்மாவின் துணியை இழுப்பாள். "பாச்சி வேணும். உக்காரு" என்று அதிகாரம் பண்ணுவாள். சிட்டு பேப்பர் ரீம்கள் அடுக்கியிருக்கும் பின்கட்டுக்குப் போய் உட்காருவாள். அந்த நேரத்தில்தான் அவள் மறுபடி உண்டானாள்.

டாக்டரம்மாவிடம் போய்விட்டு வந்து, "குடுக்கலாமாம், தப்பில்லையாம்" என்று எல்லோரிடமும் சொன்னாள். முதலாளியம்மா உதட்டைப் பிதுக்கினாள்.

"ஒண்ணு வயித்துல, ஒண்ணு மாருல. உடம்பு என்னத்துக்கு ஆகும்? நாங்கல்லாம் புள்ள பாக்காதவங்களா?"

முதலாளியம்மா பிள்ளை பெற்றவள் இல்லை. ஆனால் தம்பியை வளர்த்தவள். பெறாததைச் சொல்லிக் காட்ட எனக்கே வாய் வரவில்லை.

டாக்டரம்மா சொன்னதில் சிட்டு பாதியைத்தான் சொல்லியிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது ஐந்தாம் மாசத்தில். நூல்கண்டு எடுக்கப் பின்கட்டுக்குப் போனேன். பட்டாணி குடித்துக்கொண்டிருந்தது. சிட்டு ஒரு கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, உதட்டுக்குள் எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

"என்னடி எண்ணுற?"

"ஃபாரம்கா."

"ஃபாரம் மேசை மேல கெடக்கு. இங்க உக்காந்து எந்த ஃபாரத்த எண்ணுற?"

அவள் என் கையைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். பிரஸ்ஸில் வைத்து முறுக்கிய புத்தகக் கட்டு மாதிரி இறுகிக் கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக இளகியது. பட்டாணி மறுபடி இழுத்துக் குடித்தபோது மறுபடி இறுகியது.

"குடிச்சு முடிச்சா விட்டுடும்கா" என்றாள்.

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"இப்படி வந்தா உடனே சொல்லணும்னாங்க. சொன்னா நிறுத்தச் சொல்லுவாங்கக்கா." அவள் பட்டாணியின் தலையைத் தடவினாள். "இந்தப் பாலக் குடுத்துத்தான் இவள உசுரோட வச்சேன். இப்ப இது குடிக்கக் குடிக்க அது வெளிய வந்துடுமோன்னு இருக்கு. ஏழு மாசத்துல இன்னொண்ணா? அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னாடி இன்னொரு தடவ என்னால நிக்க முடியாதுக்கா. நான் எந்தப் புள்ளயப் பாக்கறது?"

எனக்குச் சுறுக்கென்றது. திட்டினேன். திட்டாமல் என்ன செய்வது? அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போகும்போது நீயே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நானே வந்து சொல்வேன் என்று மிரட்டினேன். சரி என்றாள். அதற்குள் பள்ளிக்கூடப் புத்தக ஆர்டர் வந்து விழுந்தது. கடை முழுக்கத் தாள். நடக்க இடமில்லை, மூச்சுவிட நேரமில்லை.

ஆர்டர் பாதியில் இருக்கும்போது ஒருநாள் மத்தியானம் சிட்டு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். மடித்து வைத்திருந்த அடுக்கு சரிந்து தரையெல்லாம் பரவியது. பட்டாணி அவள் காலைக் கட்டிக்கொண்டு, "பாச்சி, பாச்சி" என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். முதலாளியம்மா வந்து சிட்டுவின் வயிற்றில் கை வைத்தாள். எடுக்கவே இல்லை. இறுகியது இளகும்வரை அப்படியே நின்றாள்.

"எத்தன நாளா?"

சிட்டு சரிந்த தாள்களைப் பொறுக்கக் குனிந்தாள்.

"எத்தன நாளான்னு கேட்டேன்."

"பால் குடுக்கும்போது மட்டுந்தான் அண்ணி."

"இன்னைக்கே நிறுத்து."

"டாக்டர ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"டாக்டர் என்ன சொல்லும்? நிறுத்துன்னு சொல்லும். அதச் சொல்ல அதுக்கு ஃபீஸ் வேற."

இதைச் சொல்லாவிட்டால் அநியாயம். பட்டாணி கண்ணாடிப் பெட்டியில் கிடந்த நாட்களில் கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்தவள் முதலாளியம்மா. அவளுக்கு உண்மையிலேயே பயம்.

எப்படி நிறுத்துவது என்று மடிப்பு மேசையில் மாநாடு கூடியது. குழந்தையை நாலு நாள் வேறு வீட்டில் விடு என்றாள் ஒருத்தி. பூச்சாண்டி கொண்டுபோய்விட்டான் என்று சொல் என்றாள் இன்னொருத்தி. கசப்பாக எதையாவது தடவினால் ஒரே நாளில் மறந்துவிடும் என்றது யார் என்று நினைவில்லை. முதலாளியம்மாவின் கண் பசைச் சட்டிக்குப் போனது.

"எலியே தொடாது. இவ தொடுவாளா?"

நாங்கள் சிரித்தோம். நானும்தான். அந்தக் கசப்பை எங்கள் எல்லோருடைய நாக்கும் பார்த்திருக்கிறது. கட்டிங் மெஷின் நின்றது.

"அக்கா, அது துத்தம்" என்றான் சிட்டுவின் புருஷன்.

"ஏன்டா, நீ நாலு வயசுல இந்தச் சட்டியில கைய விட்டு நக்குனவன். செத்தா போயிட்ட?"

அவன் மெஷினை மறுபடி ஓட்டினான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கண்ணெதிரே ஆள் நிற்கிறானே.

முதல் நாள் விரல் நுனியில் தொட்டு லேசாகத்தான் தடவினாள் சிட்டு. பட்டாணி வாய் வைத்தாள், துள்ளி விலகினாள், இரண்டு கையாலும் நாக்கை வழித்துத் துப்பினாள். கோபப்படுவாள் என்று பார்த்தால், அம்மாவைக் கவலையோடு பார்த்தாள்.

"அம்மா, பாச்சி கெட்டுப்போச்சு."

"ஆமாடி. கெட்டுப்போச்சு. இனிமே வேணாம்."

பட்டாணி யோசித்தாள். விறுவிறுவென்று பசை மேசைக்கு வந்து ஈரத் துணியை எடுத்துக்கொண்டு போய், அம்மாவைத் துடைத்துவிட்டு, சாவகாசமாக உட்கார்ந்து குடித்தாள். கடையே கொல்லென்று சிரித்தது. "கெட்டிக்காரி. அப்படியே அவ அத்தைய உரிச்சு வச்சிருக்கா" என்றாள் முதலாளியம்மா பெருமையாக. சிட்டுவும் சிரித்தாள். அவளுக்கு அதில் சந்தோஷம்தான். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது, எனக்கு அது பிடிக்கவில்லை.

மறுநாள் கெட்டியாகத் தடவச் சொன்னாள் முதலாளியம்மா, துணியால் துடைத்தாலும் போகாதபடி. நான் பின்கட்டில்தான் இருந்தேன். பட்டாணி வாய் வைத்தாள். "கசக்குது" என்றாள். விலகினாள். மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி வாய் வைத்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அழுதுகொண்டே குடித்தாள். மூக்கும் கண்ணும் ஒழுக, கசக்குது கசக்குது என்று இடையிடையே சொல்லிக்கொண்டு, விடாமல் குடித்தாள். சிட்டுவின் வயிறு மேலேறி இறுகுவது துணிக்கு வெளியிலேயே தெரிந்தது. அன்று யாரும் சிரிக்கவில்லை.

"போதும், விட்டுடுங்க. நல்லால்ல" என்றேன் முதலாளியம்மாவிடம்.

"ரெண்டு நாள் அழும். மூணாம் நாள் மறந்துடும். நீ உன் ஊசியப் பாரு."

"குழந்த கண்ணப் பாத்தீங்களா?"

"நான் வயித்தப் பாக்கறேன். நீ கண்ணப் பாரு."

அவள் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை. மாடியில் அன்று பட்டாணி சாப்பிடவே இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்திருந்தாள் என்று அவள் அப்பன் மறுநாள் காலையில் சொன்னான். பால் கசந்துபோன ஏக்கம் என்று நாங்களே காரணம் கண்டுபிடித்துக்கொண்டோம்.

மூன்றாம் நாள் சட்டியில் பசை அடிக்குப் போயிருந்தது. ஆர்டர் அவசரத்தில் புதுப் பசை காய்ச்ச யாருக்கும் கை ஒழியவில்லை. போன வருஷப் புத்தகங்களில் சில பூச்சி அரித்துத் திரும்பி வந்திருந்தன. அந்த எரிச்சலில் முதலாளியம்மா இந்தத் தடவை துத்தத்தை வழக்கத்தைவிட ஒரு கை அதிகமாகவே போட்டிருந்தாள். கரையாத பொடியெல்லாம் அடியில் தங்கியிருந்தது. அந்த அடிப்பசையை அவளே கரண்டியால் வழித்து ஒரு காகிதத் துண்டில் வைத்து சிட்டுவிடம் நீட்டினாள். வெள்ளைப் பசையில் நீலம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது.

"இதோட மறந்துடுவா" என்றாள்.

சிட்டு அதை வாங்கிக்கொண்டு படியேறினாள். பின்னாலேயே பட்டாணி, ஒவ்வொரு படியாகக் கையை ஊன்றி ஏறினாள். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். அன்று நூல் ஊசியில் ஏறவே மாட்டேன் என்றது.

கொஞ்ச நேரத்தில் பட்டாணி தனியாக இறங்கி வந்தாள். அம்மா தூங்குகிறாள் என்றாள். மடித்த ஃபாரங்களின் அடுக்குக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. வாயைத் திறந்தாள். அடுக்கின் மேலெல்லாம் வாந்தி. அது பச்சையும் நீலமுமாக இருந்தது. ஒரு குழந்தையின் வாயிலிருந்து அந்த நிறம் வந்து நான் பார்த்ததில்லை. மறுபடி எடுத்தாள். மறுபடி. பிறகு கால் மடங்கி அந்தத் தாளின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கட்டிங் மெஷினில் கத்தி பாதியில் நின்றது. அவள் அப்பன் மேசைகளைத் தாண்டிக் குதித்து வந்து தூக்கிக்கொண்டு ஓடினான். சத்தம் கேட்டு இறங்கி வந்த சிட்டுவால் ஓட முடியவில்லை. வயிற்றைப் பிடித்தபடி தெருவில் நடந்தாள், நான் அவளைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வாசலில் திரும்பிப் பார்த்தபோது முதலாளியம்மா சட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அடியை ஒரு விரலால் வழித்து நாக்கில் வைத்தாள். அவள் அந்தப் பசையைத் துப்பி அன்றுதான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் பட்டாணியின் மூக்கில் மறுபடி குழாய். கையில் ஊசி. "என்ன குடுத்தீங்க?" என்று கேட்டார் குழந்தைகள் டாக்டர். எல்லோரும் சுவரைப் பார்த்தோம்.

"நான்தான் குடுத்தேன்" என்றாள் பின்னால் ஓடி வந்திருந்த முதலாளியம்மா. "துத்தம்."

அந்த டாக்டர் அவளை ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிறுநீரகம் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும், இப்போது எதுவும் சொல்ல முடியாது என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். அடுத்த வார்டில் சிட்டுவைப் படுக்க வைத்து, வலி நிற்க மருந்து ஏற்றினார்கள். ஒரே கட்டடத்தில் இரண்டு பிள்ளைகளும் போகவா இருக்கவா என்று கிடந்தன, ஒன்று கட்டிலில், ஒன்று வயிற்றுக்குள். சிட்டுவின் புருஷன் இரண்டு வார்டுக்கும் நடுவில் வராந்தாவில் நின்றான். எந்தப் பக்கம் போவதென்று அவனுக்குத் தெரியவில்லை.

டாக்டரம்மா வந்தார். சிட்டுவைப் பரிசோதித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வயிறு இறுகுதுன்னு ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"நிறுத்தச் சொல்லுவீங்கன்னு..."

"கொஞ்சங் கொஞ்சமா குறைக்கச் சொல்லியிருப்பேன். வழி சொல்லியிருப்பேன்." அவர் பெருமூச்சு விட்டார். "இந்த மாசத்துல பால் தானா குறையும்மா, ருசியும் மாறும். நிறைய குழந்தைங்க தானாவே விட்டுடும். உன் பொண்ணும் இன்னும் கொஞ்ச நாள்ல அவளே வேணாம்னு சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பா."

சிட்டு அழவில்லை. மேலே சுற்றும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் வராந்தாவுக்கு வந்து சுவரில் ஒரு குத்து விட்டேன். கைதான் வலித்தது.

பட்டாணி பிழைத்தாள். வயிற்றில் இருந்ததும் தங்கிவிட்டது. முதலாளியம்மா மிச்சமிருந்த துத்தத்தையெல்லாம் சாக்கோடு குப்பையில் போட்டாள். "பூச்சி தின்னா தின்னுட்டுப் போகட்டும்" என்றாள். கண்டம் கழிந்தது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

பட்டாணி அதற்குப் பிறகு பாச்சி கேட்கவே இல்லை. அந்த வார்த்தையையே விட்டுவிட்டாள். சிட்டு கையால் எது கொடுத்தாலும் வாங்க மாட்டாள். அடம் இல்லை, அழுகை இல்லை. தண்ணீர் நீட்டினால் தம்ளரை எட்டிப் பார்ப்பாள், மோந்து பார்ப்பாள், "அப்பா குடுக்கட்டும்" என்பாள். பிஸ்கட் கொடுத்தால் வாங்கிக் கையிலேயே வைத்திருந்துவிட்டு, யாரும் பார்க்காதபோது அட்டைத் துண்டுகளுக்கு அடியில் ஒளித்துவிடுவாள். பெருக்கும்போது எனக்கு நிறையக் கிடைத்தன. தூங்குவது அப்பனோடு. அம்மாவிடம் கோபம் இருந்தால்கூடப் பரவாயில்லை. உடம்பு சரியில்லாதவர்களிடம் நாம் நடந்துகொள்வோமே, அப்படித்தான் நடந்துகொண்டாள். பக்கத்தில் வந்து கன்னத்தைத் தடவுவாள். உடனே போய்க் கையைக் கழுவிக்கொள்வாள்.

"ஒரு நாளு என்னை அடிச்சிருந்தா தேவலக்கா" என்றாள் சிட்டு என்னிடம். எட்டாம் மாசம் அப்போது. டாக்டரம்மா படுத்தே இருக்கச் சொல்லியிருந்தார். நான்தான் சாயங்காலங்களில் மாடிக்குப் போய்ப் பேச்சுத்துணைக்கு உட்காருவேன்.

அப்போதுதான் அதைக் கவனித்தேன். சிட்டு கண்ணயர்ந்தால் பட்டாணி சத்தமில்லாமல் கட்டிலுக்கு வருவாள். அம்மாவின் வயிற்றில் வாயை வைத்து ஏதோ குசுகுசுப்பாள். முதலில் கொஞ்சல் என்று நினைத்தேன். முகத்தில் கொஞ்சல் இல்லை. ஒருநாள் மெதுவாக நகர்ந்து காதைக் கொடுத்தேன்.

"பாப்பா, வெளிய வராத. வராத. உள்ளயே இரு."

கீழே போய் முதலாளியம்மாவிடம் சொன்னேன். அவள் முகம் செத்துப்போனது.

"பொறாம. பாலப் புடுங்கிக்கிச்சுன்னு நெனைக்குது. பொறந்ததும் ஒரு நிமிஷங்கூட தனியா விடக் கூடாது. ஏதாச்சும் பண்ணிடும்."

மூன்று வயசு நிறையாத ஒரு குழந்தையைப் பார்த்து இரண்டு பெரிய மனுஷிகள் பயந்தோம். அது ஃபாரத் துண்டுகளைக் கிழித்துக்கொண்டிருந்தால்கூடக் கையைப் பார்த்தோம். கத்தரிக்கோல், ஊசி, குத்தூசி எல்லாம் மேல் அலமாரிக்குப் போயின. சிட்டுவிடம் சொல்லவில்லை.

மாசம் நிறைந்து, எடை குறையாமல், பையன் பிறந்தான். முழுக் குரலில் அழுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று மழை பெய்துகொண்டிருந்தது. மாடி அறைக் கட்டிலில் சிட்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நான் காலுக்குத் தலையணை வைத்தேன். முதலாளியம்மா வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டுக் காவல் உட்கார்ந்தாள். பையன் பசிக்கு அழ ஆரம்பித்தான். சிட்டு அவனை எடுத்து மார்போடு வைத்தாள். அவன் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டித் தேடினான்.

பட்டாணி வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கண் இமைக்கவில்லை. ஒவ்வொரு அடியாக உள்ளே வந்தாள். முதலாளியம்மா எழுந்தாள்.

"விடுங்க அண்ணி. தம்பியப் பாக்க வரா" என்றாள் சிட்டு. "வாடி தங்கம்."

பட்டாணி கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தாள். கையை நீட்டினாள். உள்ளங்கையைப் பையனின் வாயில் வைத்து அழுத்தினாள். மூக்கும் சேர்ந்து மூடிக்கொண்டது. அழுகை நின்றது. அந்தச் சின்ன முகம் சிவந்து கறுத்தது.

"அடிப்பாவி!" என்று முதலாளியம்மா பாய்ந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள். பையன் வீறிட்டான். அவனைவிடச் சத்தமாகப் பட்டாணி வீறிட்டாள்.

"குடிக்கக் கூடாது! கசப்பு! பாப்பா வாந்தி எடுக்கும்! மூக்குல குழா போடுவாங்க!"

முதலாளியம்மாவின் பிடி தளர்ந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இல்லடி கண்ணு" என்றாள் சிட்டு. "இப்ப கசக்காது. அம்மா எதுவும் தடவல. சத்தியமா தடவல."

பட்டாணி அவள் முகத்தையே பார்த்தாள். அவள் ஏன் நம்ப வேண்டும்? சிட்டு ஒரு சொட்டை விரலில் எடுத்துத் தன் நாக்கில் வைத்துக்கொண்டாள். "பாரு, அம்மாவே குடிக்கறேன்." பட்டாணி அம்மாவின் தொண்டையைப் பார்த்தாள். அது விழுங்குவதைப் பார்த்தாள். பிறகு அறையை விட்டு ஓடினாள். திரும்பி வந்தபோது குளியலறையில் இருந்த பிளாஸ்டிக் பேசின் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். கட்டில்மேல் ஏறி, தம்பியின் தாடைக்குக் கீழே அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பையன் குடித்தான். நன்றாகவே குடித்தான். அவன் ஒவ்வொரு மிடறு விழுங்கும்போதும் பட்டாணியின் பிடி இறுகியது. வயிறு நிறைந்து வாயைத் திறந்தபடி அவன் தூங்கிப்போனான். கடைவாயில் ஒரு துளி வெள்ளையாக வழிந்தது. அவள் குனிந்து அதன் நிறத்தைப் பார்த்தாள்.

"பாத்தியா? ஒண்ணும் ஆகல" என்றாள் சிட்டு.

"இன்னும் வரல" என்றாள் பட்டாணி.

சிட்டு பையனைப் படுக்கையில் கிடத்தி, மகளை மடியில் இழுத்துக்கொள்ளக் கையை நீட்டினாள். பட்டாணி நகர்ந்துகொண்டாள். பேசினைத் தூக்கிக்கொண்டு அம்மாவுக்கும் தம்பிக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தாள். அம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவன் காதருகே குனிந்தாள்.

"நீ தூங்கு பாப்பா. அம்மா உன் கிட்ட வந்தா நான் எழுப்பறேன்."